நான் கீறிக் கொடுத்த மலை

என் தம்பியை நான் இரண்டு தடவை சாவுக்கு அனுப்பினேன். இரண்டு தடவையும் கோபத்தில் அல்ல, பாசத்தில்தான். மேசையில் தாளை விரித்து, அளவுகோல் வைத்து, கறுப்பு மையில் வழி கீறி, மூலையில் வடக்குத் திசைக்கு ஒரு வடிவான அம்பும் போட்டு அனுப்பினேன். முதல் தடவை என்னைத் தடுக்க ஒருவரும் இருக்கவில்லை. இரண்டாவது தடவை முருகன் தடுத்தான். மெதுவாகக் கையைப் பிடித்துத் தடுத்தான் என்று நினைக்காதீர்கள். கையை முறுக்கி, மூக்கைக் கல்லில் தேய்த்துத்தான் தடுத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் என்னைக் கண்டவர்களுக்குத் தெரியும், நான் ஒரு பகிடிக்காரன். பிரசாத வரிசையில் நின்றுகொண்டே நாலு பேரைச் சிரிக்க வைத்து, ஐந்தாவது ஆளிடம் பேச்சு வாங்குகிறவன். இதையும் நீங்கள் சிரித்துக்கொண்டு வாசித்தால் எனக்குக் குறையில்லை. நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊரில் நான் நில அளவைக் கந்தோரில் நிலப்படம் கீறும் உத்தியோகத்தன். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி சென்றி முளைத்தது. சென்றி என்றால் மண்மூட்டை அடுக்கி ஆமிக்காரர் நிற்கும் காவல் கொட்டில். தம்பி ரஞ்சனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு நாள் அவன் கட்டாயம் பட்டணம் போகவேண்டி வந்தது. சென்றி ஒன்றும் படாமல் ஒழுங்கைகளுக்குள்ளால் போகும் வழியை நான் கீறிக் கொடுத்தேன். நல்ல படம். ஒரே ஒரு பிழை. முதல்நாள் பின்னேரம் ஒரு சென்றியை இடம் மாற்றியிருந்தார்கள். நான் கீறிய ஒழுங்கையின் வாசலுக்கு.

ஆமிக்காரர் பிடித்துப் பதினாலு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. பிறகு அவன் சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்தான், நான் லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். அந்தப் படத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பதில் சொல்லித் தப்பியிருப்பேன்.

அடுத்த பத்து வருடமும் நாங்கள் டெலிபோனில் மட்டும் அண்ணன் தம்பி. இங்கே என்னை அகதி என்று முழுதாக ஏற்காமல், இருந்துவிட்டுப் போ என்று விட்டிருந்தார்கள். என் கையில் இருந்தது பாஸ்போர்ட் அல்ல, ஒரு பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக விசா கேட்கவேண்டும். சுவிஸ் விசா இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. அவனுடைய அகதி வழக்கு அங்கே முடியாமல் கிடந்தது. அந்த நாட்டை விட்டு அவன் வெளியே கால் வைத்தால் திரும்பிப் போக ஏலாது. இடையில் அப்பாவும் போய், அம்மாவும் போனார். இரண்டு சாவுக்கும் நாங்கள் டெலிபோனுக்கு இரண்டு பக்கமும் இருந்து அழுதோம். நான் இரவல் பகிடி ஒன்று சொல்லி முடித்து வைப்பேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். நகரத்துக்குள் ஒரு வேலையாகப் போனவன், நிலப்படங்கள் விற்கும் கடை ஒன்றின் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே ஒரு மலைப் படம் விரித்து வைத்திருந்தார்கள். ஆஸ்திரியாவின் மேற்கு மூலை. ஆட்கள் அதிகம் போகாத, சத்தமில்லாத பகுதி என்று பக்கத்தில் எழுதியிருந்தது. ஆஸ்திரியாவுக்கும் சுவிஸுக்கும் நடுவில் போகும் எல்லைக் கோடு, மலையின் முதுகெலும்பு மேலேயே ஓடியது. வேலி இல்லை. கேற் இல்லை.

ஆஸ்திரிய விசா எனக்குக் கிடைக்கும். தம்பி சுவிஸை விட்டு வெளியே வரத் தேவையில்லை. அவன் அந்தப் பக்கத்தால் ஏறட்டும், நான் இந்தப் பக்கத்தால் ஏறுகிறேன். கோட்டில் நின்று பார்ப்போம். படத்தை வாங்கிக்கொண்டு நொதேர்ன் லைன் ரெயினில் டூட்டிங் வீட்டுக்கு வந்து சேரும்வரை, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரியின் தோளில் அதன் ஒரு பாதி கிடந்தது எனக்குத் தெரியாது.

என் மனைவி புஷ்பம் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, எங்கடை ஊரிலை உயரமான இடம் எதெண்டு தெரியுமே? எங்கடை வீட்டு மொட்டை மாடி. அதிலை ஏறி வடகம் காயப்போடவே உங்களுக்குத் தலை சுத்தினது.”

“அது வெயில்.”

“ஓம், மலையிலை நிழல் பிடிப்பினம்.”

அவள் சொன்னது சரி. யாழ்ப்பாணம் தோசைக்கல் மாதிரித் தட்டை. ஆனால் நான் படம் வாசிக்கிறவன் அல்லவா? ஒரே உயரமான இடங்களைத் தொடுத்துக் கீறும் சமவுயரக் கோடுகள் எனக்கு அரிச்சுவடி. விலகி இருந்தால் சரிவு, நெருங்கி இருந்தால் செங்குத்து. மலையைக் காலால் அறியாதவன், கண்ணால் முழுவதும் அறிந்தவன் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேசை என் கந்தோர் ஆனது. துணைக்கு யோகன் வந்து சேர்ந்தான். டூட்டிங்கில் பலசரக்குக் கடையில் நிற்பவன். என் வயதுக்காரன், ஊரில் ஒரே வகுப்பு. அவனுக்கும் பிரயாணத்துக்கு ஆசை.

“ஹற்றனிலை ரெண்டு வருசம் வேலை செய்தனான் மச்சான். மலை எனக்குத் தண்ணிபட்ட பாடு.”

கந்தோர் யன்னலால் மலையைப் பார்த்தபடி இரண்டு வருடம் கடிதம் அடித்தவன் அவன். எங்கள் இருவருக்குள் மலை நிபுணன் அவன்தான் என்றால் மற்றவனைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

முதுகெலும்பைக் கடக்கப் படத்தில் இரண்டு இடம் இருந்தது. ஒன்று, மாடு படுத்த மாதிரி அகலமான பள்ளம். பாதை சிவப்பில் போட்டிருந்தது. கோடுகள் தாராளமாக விலகியிருந்தன. பிள்ளைத்தாச்சியும் ஏறிவிடலாம். ஆனால் அதன் உச்சியில், எல்லைக் கோட்டை ஒட்டி, ஒரு சின்னக் கறுப்புச் சதுரம்.

யோகனும் நானும் அதைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“சென்றி,” என்றான் அவன்.

“சென்றிதான்,” என்றேன் நான்.

எல்லையில், பாதையின் வாயில், தனியாக ஒரு சதுரக் கட்டிடம். அது வேறு என்னவாக இருக்கும்? படத்தின் கீழ்மூலையில் குறியீடுகளுக்கு விளக்கம் இருந்தது. அதைப் பார்க்கவேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவரை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அதே பதில்தான் சொல்லியிருப்பார்.

மற்ற இடம் அதற்குத் தெற்கே ஒரு நடை தூரம். பல்லு விழுந்த இடம் மாதிரி முதுகெலும்பில் ஒரு வெட்டு. பாதை இல்லை. கோடுகள் சீப்பில் ஒட்டிய மயிர் மாதிரி நெருங்கிக் கிடந்தன. நூலகத்தில் எடுத்த வழிகாட்டிப் புத்தகத்தில் அதைப் பற்றி இரண்டு வரி. கையும் காலும் சேர்த்து ஏறவேண்டிய இடம், பழகியவர்களுக்குக் கயிறு தேவையில்லை, ஆட்கள் வருவது மிகக் குறைவு. கயிறு தேவையில்லை என்பதை ஆபத்தில்லை என்று வாசித்தேன். பழகியவர்கள் என்ற சொல்லை என் கண் வாசிக்கவே இல்லை. ஆட்கள் வருவது குறைவு என்பதை மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன்.

இனிச் சொல்லப்போவதைப் புஷ்பத்துக்கும் பிந்தித்தான் சொன்னேன்.

அந்தப் படம் ஆஸ்திரியாக்காரர் போட்டது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் சுவிஸ் பக்கம் வெறும் வெள்ளை. அந்தப் பக்கத்து மலையில் அவர்களுக்கு வேலை இல்லை. தம்பி ஏறவேண்டிய பக்கம் அதுதான். நான் சுவிஸ் படம் ஒன்று தேடி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. மெல்லிய தாளை ஆஸ்திரியப் பக்கத்தின் மேல் வைத்துக் கோடுகளை ஒற்றி எடுத்தேன். தாளைப் புரட்டி வெள்ளைப் பக்கத்தில் வைத்து, அதே கோடுகளை மறுபடி கீறினேன். மலை என்பது வீட்டுக் கூரை மாதிரி, இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படித்தான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

யோகன் எட்டிப் பார்த்தான். “டேய், அங்காலை உப்பிடித்தான் இருக்குமெண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“அனுபவம்.”

“நீ மலையிலை ஏறினனியே?”

“கீறின அனுபவமடா.”

தம்பிக்கு அந்தப் படத்தைத் தபாலில் அனுப்பினேன். வடக்கு அம்பு, அளவுச் சட்டம், ஓய்வெடுக்கும் இடம், தண்ணீர் குடிக்கும் இடம். இல்லாத மலையில் தண்ணீர் குடிக்க இடம் போட்டவன் உலகத்திலே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆவணி மாதம் முதல் ஞாயிறு, மத்தியானம் பன்னிரண்டு மணி, வெட்டில் சந்திப்பு என்று அடியில் எழுதினேன்.

பயிற்சியும் நடந்தது. பக்கத்துக் கவுன்சில் மாடிக் கட்டிடத்தில் பதினாலு தட்டு. பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டி, கிழமைக்கு மூன்று நாள், நான் வேலை செய்யும் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்த கையோடு ஏறி இறங்கினேன். மூன்றாம் கிழமை பதினோராம் தட்டில் ஒரு கிழவி கதவைத் திறந்து, தான் அரிசி ஓடர் பண்ணவில்லை என்று சொல்லிவிட்டுச் சாத்தினாள்.

ஆடி நடுவில் ஒரு ஞாயிறு தம்பி டெலிபோன் எடுத்தான்.

“அண்ணை, படம் கிடைச்சது. நல்ல வடிவாக் கீறியிருக்கிறியள்.”

“பின்னை?”

“ஒரு விசயம் அண்ணை. எங்கடை ரெஸ்ரோரண்டுக்குப் பால் கொண்டுவாறவர் அந்த மலைப் பக்கத்து ஆள். அவரிட்டைக் காட்டினனான். அவர் சொல்லுறார்…”

“அவர் நில அளவைக்காரரோ?”

“இல்லை. பால்தான்.”

“அப்ப பாலைப் பற்றி அவரிட்டைக் கேள். மலையைப் பற்றி என்னட்டைக் கேள்.”

“சரி அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி.”

டெலிபோனை வைத்துவிட்டுப் புஷ்பத்திடம் பெருமையாகச் சொன்னேன், இந்தக் காலத்தில் அண்ணன் சொல் கேட்கும் தம்பி யாருக்கு வாய்க்கும் என்று. அவள் சுவாமி அறைக்குள் போனாள்.

ஆவணி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆஸ்திரியப் பக்கத்துக் கிராமத்திலிருந்து யோகனும் நானும் புறப்பட்டோம். முதல் மூன்று மணித்தியாலம் புல்வெளி. யோகன் பாடிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு உடைந்த கல். இரண்டு அடி வைத்தால் ஒன்றரை அடி சறுக்கும். யோகன் பாட்டை நிறுத்தி என் பரம்பரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பத்து மணிக்கு வெட்டின் அடிக்கு வந்தோம். படத்தில் விரல்நகம் அளவு இருந்த இடம், நேரில் டூட்டிங் பிரதான வீதியை நட்டு வைத்த மாதிரி எழும்பி நின்றது. அதே நேரம் பனிப்புகார் இறங்கியது. என் கை எனக்குத் தெரிந்தது, முழங்கை தெரியவில்லை.

“திரும்புவம் மச்சான்,” என்றான் யோகன்.

“தம்பி அங்காலை ஏறிக்கொண்டிருப்பான்.”

ஏறினோம். கை வைத்த இடமெல்லாம் ஈரம். ஒரு ஆள் இருக்கும் கதிரை அகலத்தில் ஒரு படிக்கல் வந்தது. அதன் மேல் நான் முன்னுக்கு, யோகன் என் காலடியில் தொங்கிய மாதிரிப் பின்னுக்கு. மேலே வெட்டின் விளிம்பு தலைக்குக் கொஞ்சம் மேலே. எட்டினால் பிடிக்கலாம். எட்டக் கால் வைக்க இடம் வேண்டும். தேடினேன். கல் எல்லாம் வழுக்கியது. வழுக்காத ஒன்று கண்ணில் பட்டது. யோகனுடைய வலது கை.

கண்ணை மூடிக்கொண்டு மிதித்துவிட்டேன் என்று பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். அது பொய். பார்த்தேன். அது கை என்று தெரிந்தது. யாருடைய கை என்றும் தெரிந்தது. முழுப் பாரத்தையும் வைத்து மிதித்தேன். ஏதோ முறியும் சத்தம் சப்பாத்துக்குள்ளால் எனக்குக் கேட்டது.

“டேய், கையடா! என்ரை கையடா நாயே!”

“தெரியும்.”

“தெரிஞ்சே மிதிக்கிறாய்?”

“வேறை இடமில்லை மச்சான்.”

மற்றக் காலை மேலே ஒரு பிளவில் செருகி, விளிம்பைப் பிடித்துத் தலையை உயர்த்தினேன். அங்கேயே இறுகிப்போனேன். மேலே போகவும் ஏலாது, கீழே இறங்கவும் ஏலாது. கால் தையல் மெஷின் மாதிரி அடித்தது. அந்த நேரம் நான் முருகனிடம் பேசியதைக் கேட்டால் சந்தை வியாபாரி வெட்கப்படுவான். மொட்டை போடுகிறேன் என்றேன். பறவைக் காவடி என்றேன். மச்சம் மாமிசம் விடுகிறேன் என்றேன். உடனே, மீனை மட்டும் விட்டுத்தா என்று திருத்தினேன். யோகனையும் மொட்டை அடித்துவிடுகிறேன் என்று அவனுடைய தலையையும் சேர்த்துக் கொடுத்தேன். மூக்கிலிருந்து ஒழுகியதைத் துடைக்கக் கை கூட இல்லை.

அப்போது புகார் ஒரு தரம் விலகியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். விளிம்புக்கு அப்பால் சுவிஸ் பக்கத்தைக் கண்டேன்.

கூரை இல்லை. சரிவு இல்லை. என் சமவுயரக் கோடுகள் ஒன்றும் இல்லை. பாறை நேராகக் கீழே போனது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. என் விரல் பட்டு ஒரு கல் அந்தப் பக்கம் போனது. விழுந்த சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவே இல்லை. ஓய்வெடுக்கும் இடம் என்று நான் எழுதிய இடத்தில் காற்றுத்தான் இருந்தது.

மணி பதினொன்றரை. சொன்ன நேரத்துக்கு வருகிறவன் அவன். இந்நேரம் அந்தப் பாறையில் எங்கேயோ, ஒரு கையில் என் படம், மற்றக் கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, அண்ணை கீறினது சரியாகத்தான் இருக்கும் என்று அடுத்த கல்லைத் தேடுவான். நான் கத்திக் கூப்பிட்டாலும் எந்தப் பக்கத்தால் சத்தம் வருகிறது என்று அவனுக்குப் பிடிபடாது. ஒரு காதுதானே. அந்தக் காதையும் நான்தானே எடுத்தேன்.

“தம்பீ!” என்று கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

அடியார்களே, அதற்குப் பிறகு நான் பேரம் பேசவில்லை. கொடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமும் இல்லை. பாறையில் நெற்றியை வைத்து ஒன்றே ஒன்று கேட்டேன். “முருகா, அவன் என்ரை சொல்லைக் கேட்டிருக்கக்கூடாது. என்னை ஒரு சதத்துக்கும் மதிச்சிருக்கக்கூடாது. என்னைக் கொண்டுபோ, ஆனால் அவன் எனக்குக் கீழ்ப்படியாமல் இருந்திருக்கவேணும்.” நாற்பத்தாறு வயது வரையும் என் சொல்லை எல்லோரும் கேட்கவேண்டும் என்று கும்பிட்டவன் நான். வாழ்க்கையில் முதல் தடவை மாற்றிக் கேட்டேன்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சாட்சி சொல்கிறவர்கள் அந்த இடத்தைக் கெதியாகக் கடந்து போய்விடுவார்கள். எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. குளிர் எலும்புக்குள் போனது. கீழே யோகன் முதலில் ஏசினான், பிறகு அழுதான், பிறகு இரண்டையும் விட்டான். அவன் சத்தம் போடாமல் விட்டதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது. தம்பி செத்துவிட்டான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். புஷ்பத்துக்கு எப்படிச் சொல்வது என்று வசனம் கூட அமைத்தேன். அந்த வசனத்திலும் பாதிப் பிழையை ஆஸ்திரியப் படம் போட்டவன் தலையில் கட்டியிருந்தேன் என்றால் பாருங்கள்.

அப்போது கீழே நாய் குரைத்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல். ஜேர்மன் பாஷை. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அறுபது வயது இருக்கும், கையில் பெரிய தடி, கால்சட்டை, காது வரை இழுத்த தொப்பி. புகாருக்குள்ளால் வந்து எங்களுக்குக் கீழே நின்று, தடியை ஆட்டி ஆட்டி ஏசினாள். அந்த ஏச்சுக்குள் ஒரு சொல் எனக்கு விளங்கியது.

“ரஞ்சன்! ரஞ்சன்!”

பிணத்தைக் கண்டெடுத்திருக்கிறாள், சட்டைப்பையில் பெயரைப் பார்த்திருக்கிறாள், சொந்தக்காரனைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், இரண்டு கன்னமும் உப்ப மென்று காட்டினாள். பிறகு வடக்குப் பக்கம் கையை நீட்டி மறுபடி மென்று காட்டினாள்.

தம்பி சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான்.

நான் விளிம்பைப் பிடித்தபடியே அழுத அழுகையில், அவள் நான் விழப்போகிறேன் என்று பயந்து இன்னும் கூடுதலாக ஏசினாள்.

அவள்தான் எங்களை இறக்கினாள். கீழே நின்று, எந்தக் கல்லில் எந்தக் கால் என்று தடியால் தட்டிக் காட்டுவாள். பிழையான கால் வைத்தால் அதே தடியால் என் கணுக்காலில் ஒரு போடு. யோகனுடைய இரண்டு விரல் நீலமாகி வீங்கியிருந்தது. தன் கழுத்துத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். பிறகு முதுகெலும்புக்குக் கீழே ஒரு ஆட்டுப் பாதையால் வடக்கே கூட்டிக்கொண்டு போனாள். அகலமான அந்தப் பள்ளத்துக்கு வந்தோம். அங்கே கறுப்புச் சதுரம் நின்றது. மரக் கொட்டில். அவளுடைய கொட்டில். உள்ளே சீஸ் காய்ச்சும் பெரிய கிடாரம். வெளியே பதினொரு மாடு. ஆமிக்காரர் எவரையும் காணவில்லை, மாடுகள் மட்டும் எங்களை விசாரணைக்காரர் மாதிரிப் பார்த்தன.

கொட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு எல்லைக் கல். அதற்கு அந்தப் பக்கம், புல்லில் காலை நீட்டி, மடியில் பாணும் சீஸும் வைத்துக்கொண்டு ஒரு ஆள். தலை முன்னுக்கு வழுக்கை. பத்தொன்பது வயதுப் பெடியனைத் தேடிக்கொண்டு வந்த எனக்கு, அப்பா இருக்கிற மாதிரிப் பட்டது.

யோகன் முந்திக்கொண்டான்.

“ரஞ்சன், கொண்ணன் என்ரை விரலை முறிச்சுப்போட்டானடா!”

தம்பி எழும்பினான். யோகனுடைய கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“விரல்தானே யோகண்ணை. எனக்குக் காது.”

பத்து வருடத்துக்குப் பிறகு நேரில் நான் கேட்ட அவனுடைய முதல் வசனம். யோகன் சிரித்தான். அந்தப் பெண்ணும் விளங்காமலே சிரித்தாள். நான் எல்லைக் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அவன் வந்து கல்லுக்கு மேலால் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டான். இரண்டு பேரும் கோட்டைத் தாண்டவில்லை. சட்டத்துக்கு அவ்வளவு பயந்தவர்கள் நாங்கள்.

“பால்காரனோ?” என்று கேட்டேன்.

“ஓம். உங்கடை படத்தைப் பார்த்துப்போட்டு அவர் மனுசியையும் கூப்பிட்டுக் காட்டினார். ரெண்டு பேரும் கண்ணீர் வரச் சிரிச்சவை. அந்தப் பக்கம் ஆடும் ஏறாதாம். இந்தப் பாதையாலை போ, மேலை என்ரை அக்கா மாடு வைச்சிருக்கிறா எண்டார்.”

“எனக்கு ஏன்ரா சொல்லேல்லை?”

“சொல்ல வந்தனான். நீங்கள் விடேல்லை. விட்டிருந்தாலும் கேட்டிருப்பியளே?” அவன் பாணை இரண்டாகப் பிய்த்து எனக்கு ஒரு பாதி தந்தான். “ஒருக்கா உங்கடை படத்தை நம்பி நடந்தனான் அண்ணை. அது காணும். ஆனா நீங்கள் உங்கடை படத்தை விட்டு ஒரு இஞ்சும் விலகமாட்டியள் எண்டு தெரியும். அதுதான் காலமை வந்த உடனை அக்காவை அங்காலை அனுப்பினனான்.”

நான் அவனுடைய இடது பக்கம் இருந்து, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, அரை மணித்தியாலம் கதைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு அவன் திரும்பி, “அண்ணை, அந்தக் காதாலை ஒண்டும் கேக்கேல்லை. இனி இஞ்சாலை இருந்து ஊர்க் கதை ஏதும் சொல்லுங்கோ,” என்றான். மறுபடி சொல்ல விடவில்லை. கேட்டுத்தான் இருந்தானோ, எனக்குத் தெரியாது. பின்னேரம் அவன் அந்தப் பக்கம் இறங்கினான், நாங்கள் இந்தப் பக்கம் இறங்கினோம்.

கிராமத்து விடுதியில் முகம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பாறையில் நெற்றி வைத்துக் கேட்டது ஆவணி முதல் ஞாயிறு. தம்பி என் சொல்லைத் தட்டியது ஆடி நடுவில். நான் கேட்பதற்கு மூன்று கிழமை முன்னமே முருகன் கொடுத்துவிட்டு, கேட்க வைப்பதற்காக என்னை அந்தக் கல்லில் கட்டிப்போட்டு வைத்திருந்தான். கல் நெஞ்சக்காரன்தான். அவன் அப்படிச் செய்யாவிட்டால் என் தம்பி சாப்பிட்டுக்கொண்டு இருந்ததை நான் வரம் என்று நினைத்திருக்க மாட்டேன். அவமரியாதை என்று நினைத்து, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று ஏசியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

காவடி எடுத்தேன். மொட்டையும் போட்டேன். யோகன் தன் தலையைத் தரமுடியாது என்று சொல்லிவிட்டான். அவனுடைய அந்த இரண்டு விரலும் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அன்னதானத்தில் அவன் கரண்டி பிடிக்கும் விதத்தைப் பார்த்து நீங்கள் கேட்டால், “மலையிலை ஒரு மிருகம் மிதிச்சது,” என்பான். அது சரியான விளக்கம்.

அதற்குப் பிறகு நான் ஒருவருக்கும் வழி சொல்வதில்லை. பெற்றோல் ஷெட்டில் யாராவது வந்து செவன் கிங்ஸுக்கு எப்படிப் போவது என்று கேட்டால், தெரிந்தாலும், பின்னால் நிற்கிறவரைக் கேளுங்கள் என்பேன். மகள் என்ன படிக்கவேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அவள் வேறொன்று சொன்னாள். கை பேனையைத் தேடியது, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த மலையைவிட அது கஷ்டம்.

இரண்டு வருடத்தால் தம்பிக்குக் காகிதம் கிடைத்தது. லண்டனுக்கு வந்தான். ஹீத்ரோவில் எந்த வாசலில், எந்தத் தூணடியில் நிற்கவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிவிட வாய் உன்னியது, அடக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். பழக்கம். அந்தத் தூணடியில் மூன்று மணித்தியாலம் நின்றேன். அவனைக் காணவில்லை. டெலிபோன் பெட்டிக்குள் காசு போட்டு வீட்டுக்கு எடுத்தேன். புஷ்பம் எடுத்தாள். “தம்பி வந்து குளிச்சுச் சாப்பிட்டிட்டார். ஆரையோ விசாரிச்சு ரெயினிலை வந்தவராம். நீங்கள் ஏன் அங்கை நிக்கிறியள்?”

சனம் நிறைந்த அந்த இடத்தில், டெலிபோனைப் பிடித்தபடி, நான் கைகூப்பினேன்.

நீங்கள் பிள்ளைகளுக்காகக் கும்பிடுகிறீர்கள், கூடப்பிறந்தவர்களுக்காகக் கும்பிடுகிறீர்கள். எல்லோரும் உங்கள் சொல் கேட்டு நடக்கவேண்டும் என்றுதான் கேட்பீர்கள், நானும் அதைத்தான் கேட்டேன். இந்த வெள்ளிக்கிழமை தீபம் காட்டும்போது மாற்றி ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நாங்கள் பிழையாகச் சொல்லும் நாளில் அவர்கள் எங்களைக் கேளாமல் விடட்டும் என்று கேளுங்கள். கேட்கப் பயமாக இருக்கும். கேளுங்கள். அவன் ஏற்கெனவே கொடுத்து வைத்திருப்பான்.